தச்சுப் பெஞ்சில் செங்குத்துத் துளைகள் இடும் முறை

பள்ளிப் பட்டறைக்கோ கிராமப் பயிற்சி நிலையத்திற்கோ வேண்டிய தச்சுப் பெஞ்சைத் தாங்களே செய்துகொள்வோர், கால்களைப் பொருத்துவதிலும் மேற்பலகையை இழைப்பதிலும் மிகுந்த சிரத்தை காட்டுகின்றனர். பல நாள் உழைப்பின் முடிவில் பெஞ்சு உறுதியாக நின்றபின், மேற்பலகையில் துளையிடும் கடைசி வேலையில்தான் அவசரம் புகுந்துவிடுகிறது. இழைப்பில் நேர்ந்த பிழையை மீண்டும் இழைத்துப் போக்கலாம். தளர்ந்த மூட்டை ஆப்பு அடித்து இறுக்கலாம். கனத்த பலகையில் சாய்வாக இறங்கிவிட்ட துளையை நிமிர்த்த வழியில்லை.

இவ்வேலைக்குக் கைத்தேர்ச்சி மிக்க தச்சர்தாம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. துளையின் செம்மை, துளையிடுபவரின் கையைவிட, அலகிற்கு வழிகாட்டும் கட்டையையே பெரிதும் சார்ந்தது. ஒரு கட்டையைச் செம்மையாகச் செய்து சோதித்துக்கொண்டால், அதன் துணையால் புதிய மாணாக்கரும் பத்துத் துளைகளை ஒரே சீராக இடலாம். அக்கட்டையைச் செய்யும் முறையும், அதனைக் கொண்டு துளையிடும் முறையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

துளைகளின் பயன்

நம் நாட்டுத் தச்சர் பலர் தரையில் அமர்ந்து, காலாலும் பாதத்தாலும் மரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்வது நெடுங்கால மரபு. அவர்களுக்குப் பெஞ்சு தேவைப்படவில்லை. நின்று வேலை செய்யும் முறையில் காலின் உதவி இல்லாமையால், மரத்தைப் பற்றும் பொறுப்பு பெஞ்சைச் சேர்கிறது. மேற்பலகையில் வட்டத் துளைகள் இட்டு அவற்றில் பற்றும் சாதனங்களைச் செருகும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானது. பிரெஞ்சு நாட்டுத் தச்சுக் கலைஞர் ரூபோ என்பவர் 1769-க்கும் 1774-க்கும் இடையே வெளியிட்ட பெருநூலில் காணப்படும் பெஞ்சிலும் இத்துளைகள் உண்டு.

இத்துளைகளில் செருகப்படுவன இரண்டு. முதலாவது முளை. இது மரத்தாலோ உலோகத்தாலோ ஆன குட்டையான உருளை. பெஞ்சின் கோடியிலுள்ள வைஸ் என்னும் திருகுப்பிடியில் ஒரு முளையும், பலகைத் துளையில் மற்றொரு முளையும் நிற்க, இடையில் வைத்த மரத்தை வைஸைத் திருகி இறுக்கலாம். மரத்தின் மேற்பரப்பு முழுதும் இழைப்புளிக்குத் திறந்திருக்கும்.

இரண்டாவது கொக்கிப்பிடி. இது வளைந்த கழுத்தும் தட்டையான பாதமும் கொண்ட இரும்புத் தண்டு. தண்டைத் துளையில் இறக்கிக் கழுத்தின்மேல் சுத்தியால் ஓர் அடி அடித்தால் பாதம் மரத்தை அழுத்தும். தண்டோ சற்றே சாய்ந்து, துளையின் மேல்விளிம்பில் ஒரு பக்கமும் கீழ்விளிம்பில் எதிர்ப்பக்கமும் முட்டி இறுகிக்கொள்ளும். பின்புறத்தில் ஓர் அடி அடித்தால் விடுபடும். திருகோ நெம்புகோலோ இல்லை. கிராமக் கொல்லர் செய்து தரக்கூடிய எளிய சாதனம் இது.

துளை சாய்ந்திருந்தால் இவ்விரண்டின் வேலையும் கெடுகின்றது. வெளிப்புறமாகச் சாய்ந்த முளை மரத்தின் அடிவிளிம்பை மட்டுமே தொடும். வைஸை இறுக்க இறுக்க மரம் மேலே எழும்பும். சாய்ந்த துளையில் நிற்கும் கொக்கிப்பிடி ஒரு திசையில் இறுகும், மறு திசையில் நழுவும். மாணாக்கர் ஒருவர் உளியால் செதுக்கும்போது மரம் நழுவினால், உளியின் வாய் மறு கையைத் தாக்கும். ஆகையால் துளையின் செம்மையை அழகு பற்றிய விஷயமாக எண்ணாமல், பாதுகாப்பு பற்றிய விஷயமாகக் கொள்ள வேண்டும்.

சாய்வின் கணக்கு

சிறிய சாய்வு என்ன கெடுதி செய்துவிடும் என்று கேட்பவருக்குக் கணக்கே விடை கூறும். 75 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் துளை 1 பாகை சாய்ந்தால், மேல்வாயின் மையத்திற்கும் கீழ்வாயின் மையத்திற்கும் 1.3 மி.மீ. விலகல் ஏற்படும். 2 பாகைக்கு 2.6 மி.மீ.; 3 பாகைக்கு 3.9 மி.மீ. இவ்விலகலைப் பலகையின் கனத்தால் வகுத்து 57.3 ஆல் பெருக்கினால் சாய்வின் அளவு பாகையில் கிடைக்கும். பள்ளிப் பெஞ்சிற்கு அரைப் பாகைக்கு உட்பட்ட சாய்வைக் குறிக்கோளாகக் கொள்ளலாம். அஃதாவது, 75 மி.மீ. பலகையில் விலகல் 0.65 மி.மீ.-க்கு மிகலாகாது.

சதுர முளைகளை உபயோகிக்கும் பழைய பெஞ்சுகளில், முளைகளை ஒன்றையொன்று நோக்கி இரண்டு மூன்று பாகை வேண்டுமென்றே சாய்த்து வைப்பதுண்டு. அது மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். வட்டத் துளைக்கு இவ்வழக்கம் ஏற்றதன்று. வட்ட முளையும் கொக்கிப்பிடியும் எத்திசையிலும் திரும்பும் ஆதலின், செங்குத்தான துளை ஒன்றே எல்லாத் திசைக்கும் பொருந்தும்.

மரமும் ஈரமும்

மேற்பலகையின் கனம் 60 முதல் 90 மி.மீ. வரை இருத்தல் நன்று. பலகை மெல்லியதாயின் கொக்கிப்பிடி முட்டி இறுகுவதற்குப் போதிய ஆழம் இராது. அத்தகைய பலகையில் துளை வரும் இடங்களின் அடிப்புறம் கனத்த கட்டைகளைப் பசையிட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எம்மரமாயினும் நன்கு உலர்ந்தபின்னரே துளையிட வேண்டும். மரம் உலரும்போது இழை ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதில்லை. இழைக்குக் குறுக்காகவே சுருங்கும். எனவே பச்சை மரத்தில் இட்ட வட்டத் துளை, உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற தேக்கும், பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரை, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்குகின்றது. காற்றில் உலர்ந்து 12 விழுக்காடு ஈரம் எஞ்சும் நிலையில் அச்சுருக்கம் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. 19 மி.மீ. துளையில் இது 0.6 மி.மீ.-க்கு மேற்படும். நேற்று எளிதாக இறங்கிய முளை, கோடையில் இறுகி நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

மரத்திற்கேற்ப அலகின் நிலையும் மாறும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து கலந்திருப்பதால் அலகின் கூர் விரைவில் மழுங்கும். சால் மரம் கடினமானது. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்வதால் அலகு திசை மாற முயலும். மா மரம் எளிதில் துளைபடும். ஆயினும் அடிப்புற விளிம்பு சிதையாமல் காத்தல் வேண்டும்.

துளையின் விட்டம்

துளையிடுமுன் முளையையும் கொக்கிப்பிடியையும் கையில் வைத்துக்கொண்டு அளத்தல் அவசியம். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்ட மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனினும் மரக்கடையிலும் இரும்புக்கடையிலும் அங்குலப் பேச்சு இன்னும் மறையவில்லை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. அதனை 20 மி.மீ.-க்குச் சமமெனக் கொண்டு அலகு வாங்கினால், முக்கால் அங்குல முளை துளையில் ஆடும். மாறாக, முக்கால் அங்குலத் துளையில் 20 மி.மீ. முளை நுழையவே நுழையாது. ஒரு பட்டறையிலுள்ள எல்லாப் பெஞ்சுகளுக்கும் ஒரே அளவைத் தேர்ந்து, அவ்வளவைச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

கொக்கிப்பிடியின் தண்டு, துளையைவிட ஏறத்தாழ 1 மி.மீ. குறைந்த விட்டமுடையதாக இருக்கலாம். அத்தளர்வு இருந்தால்தான் தண்டு சாய்ந்து இறுகும். முளைக்கோ தளர்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே முளைக்கேற்பத் துளையை இட்டு, கொக்கிப்பிடியின் தண்டைச் சற்று மெலிதாகச் செய்துகொள்வதே முறை. தண்டு மிக வழவழப்பாயிருந்து நழுவினால், முரட்டு உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம்.

குறியிடுதல்

முதலில் பெஞ்சின் அடிப்புறத்தைப் பார்வையிட வேண்டும். கால், குறுக்குச் சட்டம், வைஸின் திருகு, இழுப்பறை, மறைந்திருக்கும் ஆணி ஆகியவை எங்கெங்கு உள்ளன என்பதை மேற்பரப்பில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டு, அவ்விடங்களை விலக்க வேண்டும். மேலிருந்து மட்டும் அளந்து, துளை காலின் தலையில் இறங்குமாறு செய்துவிடுவது புதியோர் அடிக்கடி செய்யும் பிழையாகும்.

முளைகளின் வரிசை, வைஸில் உள்ள முளையின் நேர்க்கோட்டில் அமைய வேண்டும். முன்விளிம்பிலிருந்து அக்கோட்டின் தூரத்தை மார்க்கிங் கேஜினாலோ, விளிம்பில் அணைத்து நகர்த்தும் கட்டையினாலோ பெஞ்சின் நீளம் முழுதும் கீற வேண்டும். அடுத்தடுத்த துளைகளுக்கு இடையேயுள்ள தூரம், வைஸின் தாடை நகரும் தூரத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லாவிடில் சில நீளமுள்ள மரங்களைப் பற்றவே இயலாது. தாடை 150 மி.மீ. நகருமாயின், துளைகளை 120 மி.மீ. இடைவெளியில் வைக்கலாம். கொக்கிப்பிடிக்கு உரிய பின்வரிசைத் துளைகளை, அதன் கழுத்து எட்டும் தூரத்தை அளந்தபின் தீர்மானிக்க வேண்டும்.

இடைவெளிகளை ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்து செல்லலாகாது. ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. பிழை ஒரே திசையில் நேர்ந்தால், பத்தாவது துளையில் அது 5 மி.மீ. ஆகிவிடும். அளவுகோலை ஒரு முனையில் நிலையாக வைத்து 120, 240, 360, 480 எனத் தொடர்ந்து குறித்துச் செல்ல வேண்டும். குறுக்குக் கோடுகளை மூலைமட்டத்தால் வரைந்து, கோடுகள் வெட்டும் புள்ளியில் குத்தூசியால் ஆழமான குழி இடவேண்டும்.

மூலைமட்டத்தையே முதலில் சோதிக்க வேண்டும். நேர்விளிம்புள்ள பலகையில் மட்டத்தை அணைத்து ஒரு கோடு வரைக. பின்னர் மட்டத்தை மறுபுறம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு வரைக. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரியானது. விலகினால், காணப்படும் விலகல் மட்டத்தின் பிழையைப்போல் இரு மடங்காகும்.

வழிகாட்டிக் கட்டை

அருகில் தொழிற்பயிற்சி நிலையமோ இயந்திரப் பட்டறையோ இருப்பின், 75 மி.மீ. உயரமுள்ள கடின மரக்கட்டையில் அங்குள்ள துளையிடும் பொறியால் ஒரு துளை இட்டு வாங்கிக்கொள்ளலாம். அவ்வசதி இல்லாதபோதும் கட்டையைத் துளையிடாமலே செய்துகொள்ள ஒரு வழி உண்டு.

இழைத்துச் சமமாக்கிய இரண்டு கடின மரப் பலகைத் துண்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் உயரம் 75 மி.மீ., அகலம் 100 மி.மீ. அளவில் இருக்கலாம். அவற்றிற்கு இடையில் வைக்க, அலகின் விட்டத்திற்குச் சமமான கனமுள்ள இரண்டு சட்டங்கள் வேண்டும். அவ்விரு சட்டங்களையும் பலகைகளுக்கு இடையே செங்குத்தாக நிறுத்தி, சட்டங்களின் நடுவிலும் அலகின் விட்டத்தளவே இடைவெளி விட வேண்டும். பலகைகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவே இவ்வாறு ஒரு சதுரக் குழாய் உண்டாகும். இடைவெளியைச் சரியாகப் பெற, அதே விட்டமுள்ள உலோக உருளையை மெழுகு தடவி நடுவில் வைத்துக்கொண்டு, பசையிட்டுத் திருகாணிகளால் இறுக்கலாம். பசை உலருமுன் உருளையை உருவிவிட வேண்டும். சதுரக் குழாயில் இறங்கும் வட்ட அலகு நான்கு பக்கங்களிலும் தொட்டு நிற்குமாதலால், அது எப்பக்கமும் சாய இடமில்லை.

பசை உலர்ந்தபின் கட்டையின் அடிப்பரப்பை இழைத்துக் குழாய்க்குச் செங்குத்தாக்க வேண்டும். உருளையை மீண்டும் செருகி, கட்டையைச் சமமான பலகைமேல் நிறுத்தி, வெளியே நீண்டிருக்கும் உருளைமீது மூலைமட்டத்தை முன்புறமும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்தல் போதாது. வெளிச்சம் தெரியும் இடத்தில் அடிப்பரப்பைச் சிறிது சிறிதாக இழைத்துத் திருத்துக. இந்தக் கட்டைக்குச் செலவிடும் ஒரு மணி நேரம், பின்னர் இடப்போகும் அத்தனை துளைகளுக்கும் செலவிட்ட நேரமாகும்.

கட்டையின் உயரத்தைக் குறைத்தல் கூடாது. குழாய்க்கும் அலகிற்கும் 0.3 மி.மீ. தளர்வு இருப்பதாகக் கொள்வோம். கட்டை 75 மி.மீ. உயரமாயின் அலகு 0.23 பாகையே சாய முடியும். 25 மி.மீ. உயரமாயின் அதே தளர்வில் 0.7 பாகை சாயும்.

அலகைத் தீட்டுதல்

கைத்துரப்பணத்தில் உபயோகிக்கும் திருகு அலகில் மூன்று உறுப்புகள் உண்டு. நடுவிலுள்ள திருகு முனை அலகை மரத்தினுள் இழுக்கும். ஓரத்திலுள்ள பற்கள் வட்டத்தைக் கீறும். கிடையான வெட்டுவாய் உள்ளிருக்கும் மரத்தைச் சீவி எடுக்கும். ஓரப்பற்களை உட்புறத்தில் மட்டுமே அரத்தால் தீட்ட வேண்டும். வெளிப்புறம் தீட்டினால் விட்டம் குறைந்து, அலகின் உடல் துளையில் சிக்கிக்கொள்ளும். மழுங்கிய அலகு எளிய திசையைத் தேடி விலகும் இயல்புடையது. எனவே தேக்கில் சில துளைகள் இட்டவுடன் கூரைச் சோதிப்பது நல்ல வழக்கம்.

துளையிடுதல்

வழிகாட்டிக் கட்டையின் குழாயில் அலகை இறக்கி, அதன் திருகு முனையைக் குத்தூசிக் குழியில் அமர்த்துக. அலகு அந்நிலையிலேயே இருக்க, கட்டையைப் பெஞ்சோடு கிளாம்பினால் இறுக்க வேண்டும். கையால் பிடித்துக்கொள்வது போதாது.

துரப்பணத்தை நிதானமாகச் சுழற்றுக. திருகு முனை மரத்தைப் பற்றியபின் உடலின் பாரத்தை அதன்மேல் சுமத்த வேண்டுவதில்லை. சில சுற்றுகளுக்கு ஒருமுறை அலகைப் பின்னோக்கிச் சுழற்றிச் சீவல்களை வெளியேற்ற வேண்டும். அலகின் நீளம் கட்டையையும் பலகையையும் சேர்த்துக் கடக்கப் போதாதபோது, மரத்தினுள் 30 மி.மீ. இறங்கியபின் கட்டையை அகற்றிவிட்டுத் தொடரலாம். அதற்குமேல் துளையே அலகிற்கு வழிகாட்டும். அப்போது உதவியாளர் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்ப்பது அவசியம். துளையிடுபவர் இடம் வலம் நேரும் சாய்வைத் தாமே காண்பார்; தம்மை நோக்கியோ எதிர்ப்புறமோ நேரும் சாய்வு அவர் கண்ணுக்குப் புலப்படாது.

பலகையின் அடிப்புறத்தில் திருகு முனை தலைகாட்டியவுடன் நிறுத்துக. மேலிருந்தே தொடர்ந்தால் அடிவிளிம்பு பிளந்து சிதையும். கொக்கிப்பிடி முட்டி நிற்க வேண்டிய இடம் அதுவே. அடியிலிருந்து, முனை இட்ட சிறு துளையை வழியாகக் கொண்டு எஞ்சியதைத் துளைத்து முடிக்க வேண்டும். பெஞ்சின் அடியில் துரப்பணம் சுழல இடம் இல்லையேல், அடிப்புறத்தில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கிளாம்பிட்டு மேலிருந்தே துளைக்கலாம்.

மின் துரப்பணம் உபயோகிப்பவரும் இதே கட்டையை உபயோகிக்கலாம். வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். துரப்பணத்தின் பக்கப்பிடியைப் பொருத்தி இரு கைகளாலும் பிடித்தல் அவசியம். கனத்த அலகு மரத்தில் திடீரெனச் சிக்கினால் துரப்பணமே சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். தளர்ந்த உடை, தொங்கும் துண்டு, முடியாத கூந்தல் ஆகியவற்றுடன் எவரையும் அதன் அருகில் விடலாகாது. கண்ணாடி அணிதலும் வேண்டும். மாணாக்கர் மின் துரப்பணத்தைக் கையாளும்போது ஆசிரியர் அருகிலேயே இருக்க வேண்டும்.

விளிம்பும் சோதனையும்

துளையின் மேல்விளிம்பை உப்புத்தாளாலோ அரைவட்ட அரத்தாலோ 1 அல்லது 2 மி.மீ. அளவு மழுக்குக. கூரான விளிம்பு, முளையைச் செருகி எடுக்கும்போது பெயர்ந்துவிடும்.

பின்னர் நீண்ட உருளை ஒன்றைத் துளையில் நிறுத்தி, இரு திசைகளிலும் மூலைமட்டத்தால் பார்க்க வேண்டும். வரிசையில் உள்ள எல்லாத் துளைகளிலும் முளைகளைச் செருகி, நேர்விளிம்புக் கோலை அவற்றின் பக்கத்தில் அணைத்தால் வரிசையின் நேர்மை விளங்கும். இறுதியாக, ஒரு பலகையை இரு முளைகளுக்கு இடையே இறுக்கிப் பார்க்க வேண்டும். பலகையின் நடுவோ கோடியோ பெஞ்சைவிட்டு எழும்பாதிருந்தால் வேலை செவ்வையாக முடிந்தது எனலாம்.

முளை இறுக்கமாயிருந்தால் முளையைத் தேய்க்க வேண்டுமேயன்றித் துளையை அகலமாக்கலாகாது. மிகச் சாய்ந்த துளையை அரத்தால் ராவி நிமிர்த்த முயல்வதும் வீண். துளை அகன்று இரண்டுக்கும் உதவாமற் போகும். அத்தகைய துளையை, அதே மரத்தில் கடைந்த இறுக்கமான உருளைக் கட்டையால் பசையிட்டு அடைத்து, ஒரு நாள் விட்டு, மேலும் கீழும் சமமாக்கி, வழிகாட்டிக் கட்டையைக் கொண்டு மீண்டும் துளையிட வேண்டும். அடைக்காமல் பழைய துளையின் ஓரத்திலேயே புதிய துளை தொடங்கினால், அலகு பழைய வழியிலேயே சரிந்து இறங்கும்.

வகுப்பிற்கு உரிய பயிற்சி

பெஞ்சைத் தொடுமுன் ஒவ்வொரு மாணாக்கரும் கழிவு மரத்தில் இரண்டு துளைகள் இடுக: ஒன்று கண்ணளவில், மற்றொன்று வழிகாட்டிக் கட்டையுடன். மேல்வாய், கீழ்வாய் மையங்களின் விலகலை அளந்து, சாய்வைக் கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதுக. இரு வரிசை எண்களையும் மாணாக்கரே ஒப்பிடும்போது கட்டையின் அவசியம் தானே விளங்கும்.

வினாக்கள்

1. 60 மி.மீ. கனமுள்ள பலகையில் விலகல் 2 மி.மீ. எனில் சாய்வு எத்தனை பாகை? (விடை: ஏறத்தாழ 1.9.)

2. ஓரப்பற்களை வெளிப்புறம் தீட்டலாகாது, ஏன்?

3. வைஸின் தாடை 100 மி.மீ. மட்டுமே நகருமாயின், 120 மி.மீ. இடைவெளியில் இட்ட துளைகளால் எந்தெந்த நீளமுள்ள மரங்களைப் பற்ற இயலாது போகும்? படம் வரைந்து விளக்குக.

4. மழைக்காலத்தில் எளிதாக இறங்கிய முளை கோடையில் இறுகுவதேன்? அம்முளையை எப்பக்கங்களில் தேய்க்க வேண்டும் என்பதை, பலகையின் இழை ஓடும் திசையைக் கொண்டு கூறுக.